வால் பக்கம்

காலை அந்தப் பக்கம் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளுங்கள் தம்பி, இது இடிக்கும். மேலே வைக்க முடியாது. பிரேக் போட்டால் யார் தலையிலாவது இறங்கும் என்று கண்டக்டர் ஏறும்போதே சொல்லிவிட்டான். லக்கேஜ் டிக்கெட் வேறு கிழித்தான். குழாய்க்கு லக்கேஜ் உண்டு பெருசு என்றான். குழாய் இல்லைப்பா, ராக்கெட் என்றேன். "ராக்கெட்டுன்னா அதுலயே ஏறிப் போயிருக்கலாமே, எதுக்கு நம்ம பஸ்சு" என்றான். பஸ்ஸே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், பார்த்தேன். பரவாயில்லை. நான் எதையும் மனசில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

நீங்களும் திருச்சிதானே? நல்லதாகப் போயிற்று.

புடவை என் வீட்டுக்காரியுடையது. பழசு. கீறல் விழக்கூடாது என்று சுற்றினேன். இந்த ஓரத்தை மட்டும் விலக்கிக் காட்டுகிறேன், பாருங்கள். முகம் தெரிகிறதா? கண்ணாடி மாதிரி இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரல் ரேகை போய்விட்டது. ரேஷன் கடை மிஷினில் விரல் வைத்தால் நான் ஆளே இல்லை என்கிறது.

என் பெயர் தங்கையன். அக்கரைப்பேட்டையில் பைபர் படகு கட்டுகிறேன். சுனாமிக்கு அப்புறம் கரையில் இறங்கிய பைபர் போட்டுகளில் பாதி என் கை பட்டதுதான். படிப்பு ஐந்தாவது. ஐந்தாவதில் ஒரு வாத்தியார் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார். இறங்கி வந்தவன் திரும்பப் போகவில்லை. அவர் செத்ததற்கும் போகவில்லை.

பைபர் வேலை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கண்ணாடி நாரில் நெய்த துணி வரும். அச்சின் மேல் அதை விரித்து, ரெசின் என்கிற பிசினைப் பூசி, உள்ளே காற்று நிற்காமல் ரோலரால் அழுத்த வேண்டும். அது ஒரு அடுக்கு. அதன் மேல் இன்னொன்று. காய்ந்தால் கல். அவ்வளவுதான். எத்தனை அடுக்கு, எங்கே கூட, எங்கே குறைவு என்பதுதான் தொழில்.

இது என் மகளுக்கு. ரஞ்சனி. திருச்சிப் பக்கம் ஒரு காலேஜில் இஞ்சினியருக்குப் படித்தாள். அங்கே பிள்ளைகள் கூட்டமாய்ச் சேர்ந்து ராக்கெட் செய்கிறார்கள். தீபாவளி ராக்கெட்டை நினைக்காதீர்கள். ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். அடியில் மருந்து அடைத்த இஞ்சின், நடு வயிற்றில் காற்றையும் சூட்டையும் அளக்கிற கருவி, மூக்கில் ஒரு குடை. உச்சிக்குப் போனதும் குடை விரிந்து பத்திரமாக இறங்க வேண்டும். அதில் ஆளாளுக்கு ஒரு வேலை. ஒருத்தன் மருந்து, ஒருத்தன் கருவி. உடம்பு, அதாவது வெளிக்கூடு முழுக்க என் மகள் பொறுப்பு. அது ஒழுங்காய்ப் பறந்தால் இந்தக் கூட்டம் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும். அதோடு, பறக்கிற சாமான்கள் செய்கிற ஒரு கம்பெனியிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார், பறந்துவிட்டால் உடம்பு செய்தவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். என்னிடம் நேராகச் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் எனக்குக் கேட்கும் என்று தெரியும். ஒரே அறைதானே வீடு.

பொங்கல் லீவுக்கு வந்தவள் கேட்டாள். "அப்பா, ராக்கெட் பாடிய நம்ம பட்டறையிலயே செஞ்சிடலாமா?"

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? முதல் வருஷம் அவர்கள் மெட்ராஸில் யாரிடமோ கொடுத்துச் செய்தார்கள். அப்போது அப்பன் ஞாபகம் வரவில்லை. இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் சரி என்றேன்.

அந்த லீவு நல்ல லீவு தம்பி. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய பிவிசி குழாய் வாங்கி, அதன் மேல் மெழுகு பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதையே அச்சாக வைத்துக்கொண்டோம். நான் துணியைச் சுற்ற, அவள் ரோலர் போட்டாள். சின்னப் பிள்ளையில் பட்டறையில் விளையாடியவள், கை மறக்கவில்லை. ஆனால் ரெசினைத் தராசில் நிறுத்துத்தான் கலப்பேன் என்றாள். நான் கண்பார்வையில் கலக்கிறவன். "அப்பா, நீ கைய வை, கண்ண வை, ஆனா வாளிய மட்டும் எங்கிட்ட குடு" என்றாள். ஆட்களெல்லாம் சிரித்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அவள் கொண்டுவந்த படத்தில் மூன்று அடுக்கு போட்டிருந்தது. தலை முதல் வால் வரை மூன்றே மூன்று. நான் கேட்டேன், வாலிலும் மூன்றா என்று. ஆமாம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் பட்டறையில் ஒரு போட்டுக்குப் பின்பக்கம் முன்பக்கத்தைப் போல இரண்டு பங்கு போடுவேன். இஞ்சின் எங்கே இருக்கிறது? பின்னால். உதறல் எங்கே? பின்னால். கரையில் இழுக்கும்போது தேய்கிறது எங்கே? அங்கேதான். இதற்கும் இஞ்சின் பின்னால்தானே இருக்கிறது என்று கேட்டேன்.

அவள் ஒரு ஈர்க்குச்சியை எடுத்தாள். பட்டி பார்க்கிற மாவில் ஒரு உருண்டை பிடித்து ஒரு முனையில் ஒட்டி எறிந்தாள். நேராய்ப் போய்ச் சுவரில் குத்தி விழுந்தது. அதே குச்சியைத் திருப்பிப் பிடித்து, உருண்டை பின்னால் வருகிற மாதிரி எறிந்தாள். ரெண்டு முழம் போவதற்குள் தலைகீழாய்ப் புரண்டது. "பாத்தியா? வால் கனத்தா மூக்கு திரும்பிடும். அதான் வால்ல ஒரு கிராம் கூடக்கூடாது" என்றாள்.

பார்த்தேன். ஆனால் குச்சி வேறு, ராக்கெட் வேறு தம்பி. குச்சியில் இஞ்சின் இருக்கிறதா?

காய்ந்த பிறகு குழாய் உள்ளேயிருந்து வரவில்லை. நான்கு ஆள் போட்டு இழுத்தோம், படகை இழுக்கிற மாதிரி ஏலேலோ போட்டு இழுத்தோம், அசையவில்லை. அவள் ஓடிப்போய் ஐஸ் கம்பெனியில் ஒரு கூடை மீன் ஐஸ் வாங்கிவந்து குழாய்க்குள் கொட்டினாள். குளிர்ந்தால் பிளாஸ்டிக் சுருங்கும், பைபர் அவ்வளவு சுருங்காது என்றாள். கொஞ்ச நேரத்தில் குழாய் வாழைத்தண்டு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நானும் அதைத்தான் சொல்ல நினைத்தேன், அதற்குள் அவள் ஓடிவிட்டாள்.

மீன் ஏலக் கூடத்துத் தராசில் வைத்து எடை பார்த்தாள். படத்தில் போட்டிருந்த எடைக்கும் இதற்கும் நூல் வித்தியாசம்கூட இல்லை. அப்படி ஒரு சிரிப்பு. என் தோளில் தலையை வைத்து, "அப்பா, ஒன் கை கை இல்லப்பா, மிஷினு" என்றாள். மீன்காரிகள் எல்லாம் பார்த்தார்கள். இறக்கைகளை ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துப் பார்சலில் அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். இதே பஸ்தான்.

கீழ்வேளூர் வந்துவிட்டதா? இங்கே டீ நன்றாக இருக்காது. உட்காருங்கள்.

அவள் போன பிறகு அந்தக் கூட்டைத் தூக்கிப் பார்த்தேன். காற்றாய் இருந்தது. தூக்கினால் தூக்கின மாதிரியே இல்லை. மனசு கேட்கவில்லை. நாளைக்கு அத்தனை பேர் முன்னால் இஞ்சின் போட்ட உதறலில் வால் தெறித்தால் என்ன பேச்சு வரும்? ரஞ்சனி அப்பன் கட்டினது உடைந்தது என்றுதானே? படம் போட்டவனையா கேட்பார்கள்? அதனால் வாலில் மட்டும் இரண்டு அடுக்கு கூடப் போட்டேன். மெல்லிசுத் துணி இல்லை, போட்டுக்குப் போடுகிற தடித்த நார் விரிப்பு, மேட் என்போம். அது ரெசினை நன்றாகக் குடிக்கும். மேலே பட்டி இழுத்து, தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டேன். எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று நீங்கள் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சமயம் மழை வேறு. காயத் தாமதமாகி, பார்சல் போய்ச் சேர்ந்ததும் அவர்கள் கிளம்புவதும் சரியாய் இருந்தது.

பறக்கவிடுகிற அன்றைக்கு நானும் போனேன். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு வறண்ட ஏரி. ஷாமியானா எல்லாம் போட்டிருந்தார்கள். அந்தக் கம்பெனிக்காரர் வந்திருந்தார். நரைத்த தாடி, சாதாரணச் செருப்பு. கூட்டத்துக்குத் தலைவன் பிரணவ் என்று ஒரு பையன். நல்ல பையன்தான், அங்கிள் அங்கிள் என்பான். அவன் என்னைக் கம்பெனிக்காரரிடம் கூட்டிப்போய், "சார், இவர் எங்க பைபர் வெண்டர்" என்றான்.

ரஞ்சனி பக்கத்தில்தான் நிற்கிறாள். தரையைப் பார்க்கிறாள்.

வேன் டிரைவரிடம் போய்க் கேட்டேன், வெண்டர் என்றால் என்ன என்று. விற்கிறவர் என்றான். நான் யாருக்கு என்ன விற்றேன்? துணி என்னுடையது, ரெசின் என்னுடையது, கூலி வாங்கவில்லை. போய் ஒரு கருவேல மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தாள். "அப்பா, சாப்புடு."

"வெண்டருக்கெல்லாம் சாப்பாடு உண்டா?"

"பிரணவுக்குத் தெரியும்பா. எங்க காலேஜ் மேடத்துக்கும் கம்பெனிக்காரருக்கும்தான் தெரியாது. சொந்தக்காரங்களுக்கு வேலை குடுத்தோம்னு ஆயிடக்கூடாதுன்னுதான்."

"அப்ப நான் சொந்தக்காரன்?"

அவள் பொட்டலத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் தொடவில்லை. நாய் தின்றது. அதைச் சொல்லிக்காட்ட வரவில்லை தம்பி, நான் எதையும் மனசில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பிறகு எல்லாவற்றையும் பூட்டி நிறுத்துகிற நேரம். விமானம் எதுவும் குறுக்கே வராத நேரம் பார்த்து மேலேயிருந்து அனுமதி வாங்கியிருந்தார்கள். அந்த நேரத்துக்குள் விட வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு இல்லை. பிரணவ் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தான். உடம்பில் ரஞ்சனி ஒரு இடத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தாள். அங்கே கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டால் தராசு முள் மாதிரி நேராய் நிற்க வேண்டுமாம். வால் தாழ்ந்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தமாம்.

நான் எழுந்துபோய்ச் சொன்னேன். "ஏம்ப்பா, நாப்பது வருசம் தொழில் பண்றவன் வேலையக் கயித்துல தொங்கவிட்டுத்தான் தெரிஞ்சிக்கணுமா? சந்தையில கோழியா வாங்குறீங்க?"

பிரணவ் சிரித்தான். "இல்ல அங்கிள், இது சும்மா ரொட்டீன்."

ரஞ்சனி என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தொடாமல் வைத்துவிட்டு வந்தேனே, அந்தப் பொட்டலம் கிடந்த மரத்தடியைப் பார்த்தாள். பிரணவ் கையிலிருந்து கயிற்றை வாங்கிச் சுருட்டினாள். "வேணாம்டா. நேரமில்ல. எடை நானே பாத்தேன். எங்கப்பா பட்டறையில செஞ்சது, ஒரு கிராம் மாறாது."

எங்கப்பா பட்டறை. அத்தனை பேர் முன்னால் சொன்னாள். அந்தக் கம்பெனிக்காரர் காதில் விழுகிற மாதிரி சொன்னாள். அப்போதுதான் எனக்கு மனசு ஆறியது.

விட்டார்கள். புகை வந்தது, சத்தம் வந்தது, நிறுத்தியிருந்த கம்பியை விட்டுக் கிளம்பியது. ஒரு தென்னை மரம் உயரம் போயிருக்கும். அங்கே மூக்கைத் திருப்பியது. மாடு மூக்கணாங்கயிற்றை இழுத்தால் திரும்புமே, அப்படி. படுத்தவாக்கில் ஒரு வட்டம் அடித்துவிட்டு நேராய் ஏரிக்குள் வந்து குத்தியது. மூக்கு சுக்கல். நடு வயிறு சுக்கல். கருவி எல்லாம் பொடி. கருவி செய்த பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மூன்று வருஷ வேலையாம், முன்னால் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் தொடங்கி வைத்ததாம்.

ஆனால் வால் உடையவில்லை தம்பி.

அதைக் கவனியுங்கள். எல்லாம் போனது, வால் அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. நான்தான் ஓடிப்போய் எடுத்தேன். சூடாய் இருந்தது, துண்டைச் சுற்றி எடுத்தேன். நேராய்க் கம்பெனிக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "பாருங்க சார். மத்ததெல்லாம் அவுங்க கணக்கு. இது என் வேல" என்றேன்.

அவர் வாங்கினார். தட்டிப் பார்க்கவில்லை, பெயின்டைப் பார்க்கவில்லை. கையில் வைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். பிறகு அதை ரஞ்சனி கையில் கொடுத்தார். அவளும் அப்படியே அசைத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், எப்படி என்று.

மேடம் வந்து என்னாயிற்று என்று கேட்டார்கள். ரஞ்சனி சொன்னாள். "கடைசியா ஒரு தடவ எடை பாத்திருக்கணும் மேம். நான்தான் வேணாம்னேன். தப்பு என்னோடது."

இதுதான், இந்த இடம்தான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. தப்பு என்னுடையது என்று அவளே, அவள் வாயால், அத்தனை பேர் முன்னால் சொன்னாள். நான் சொல்லச் சொன்னேனா? பிறகு என்மேல் என்ன கோபம்?

அந்தக் கம்பெனிக்காரர் சாப்பிடாமலே கிளம்பிப் போனார். போட்டியும் போயிற்று. ஒரு வாரம் கழித்து ரஞ்சனி போன் பண்ணினாள். பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம். "அப்பா, வால அறுத்துப் பாத்தேன். எத்தன லேயர் போட்ட?"

"அஞ்சு" என்றேன். "ரெண்டு மேட்டு. அதனாலதான் அது மட்டும் ஒடையல."

அந்தப் பக்கம் மிஷின் நின்றது. நான் ஹலோ ஹலோ என்றேன். அப்புறம் வைத்துவிட்டாள். அன்றைக்கு வைத்த போன்தான்.

வீட்டுக்காரியிடம் பேசுவாள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு மீன் விலைக்குப் போய்விடும். தோற்றது அவமானம் தம்பி, படித்தவர்களுக்குத் தாங்காது. அதை யார்மேலாவது காட்ட வேண்டும். பிரணவ் ஒருநாள் போன் செய்தான். "அங்கிள், ரஞ்சனி டீம்ல இருந்து போயிட்டா. ஏன் எடை மாறிச்சுன்னு கேட்டா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறா. அறுத்த பீஸையும் எங்கயோ போட்டுட்டா. நீங்களாவது பேசிப் பாருங்க." நான் என்ன பேச? அவளாக வரட்டும் என்று இருந்துவிட்டேன். முதலில் பேசினால் நான்தான் தப்பு செய்த மாதிரி ஆகிவிடும் இல்லையா?

சித்திரையில் வரவில்லை. எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்கும் வரவில்லை. இப்போது படிப்பு முடிந்துவிட்டது. புனேயில் வேலையாம். கம்ப்யூட்டரில் யாருடைய பாங்குக் கணக்கையோ சரிபார்க்கிற வேலையாம். திருச்சியில் சாயங்காலம் ரயில். ராக்கெட் பக்கமே போகப்போவதில்லை, பைபர் வாசனையே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்காரி முதல் பஸ்ஸிலேயே முறுக்கு டின்னோடு போய்விட்டாள். அவள் கிளம்பும்போது நானும் வரட்டுமா என்று கேட்டேன். "அவ வர வேணாம்னும் சொல்லல, வரணும்னும் சொல்லல. நீங்க இருங்க" என்றாள். இந்தச் சாமானைக் காட்டினேன். தலையில் கையை வைத்துக்கொண்டு, "சாமி சத்தியமா இத எடுத்துக்கிட்டு மட்டும் வந்துடாதீங்க" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

நான் அடுத்த பஸ் பிடித்தேன்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தால் நேரமாகும். ரயில் பிடித்துவிடலாம் இல்லையா? பிடித்துவிடலாம்.

இது புதுசு தம்பி. போன மாதம் முழுக்க இதுதான் வேலை. இரண்டு போட்டு ஆர்டரைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்தேன். இந்தத் தடவை உடம்பு முழுக்க ஆறு அடுக்கு. வாலில் ஒன்பது. இனி மூக்கும் உடையாது, வயிறும் உடையாது. மலைமேல் போட்டாலும் உடையாது. அந்தச் சிவப்புக் கோட்டைக்கூட அதே இடத்தில் நானே போட்டுவிட்டேன். புனே பெரிய ஊர், அங்கேயும் ராக்கெட் விடுகிற பிள்ளைகள் இருப்பார்கள். இதைப் பார்த்தால் அவளுக்கு மனசு மாறும்.

என்ன கேட்டீர்கள்? அவள் கேட்டாளா என்றா?

கேட்க வேண்டுமா தம்பி? அன்றைக்கு அந்த இரண்டு அடுக்கை அவள் கேட்டா போட்டேன்? பெற்றவன், கேட்டா செய்வான்?

ஏன், ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டீர்கள். பரவாயில்லை. நான் எதையும் மனசில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். திருச்சியில் இறங்கும்போது ஒரு கை கொடுங்கள், ஏறும்போதே இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றினார்கள். முன்பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன், எனக்கு முதுகு வலி. வால் பக்கம் நீங்கள் பிடியுங்கள். ஒரு கையால் முடியாது, இரண்டு கையாலும் பிடியுங்கள். பார்த்து. அந்தப் பக்கம்தான் கனம்.